தைராய்டு மிகையாகச் சுரக்கும்போது: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

தைராய்டு என்றவுடன் உடல் பருமன், சோர்வு, ஆயுள் முழுவதும் மாத்திரை என்றே பலரும் நினைக்கிறார்கள். அவையெல்லாம் சுரப்புக் குறைவுக்கு உரியவை. சுரப்பு மிகுந்துபோகும் நிலையைப் பற்றி இம்முறை வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். ஒரே விடையைக் கோரிய கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்; எழுதியவர்களின் பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு 29 வயது. நான்கு மாதங்களில் 7 கிலோ எடை குறைந்துவிட்டது. பசியோ முன்பைவிட அதிகம். வயிறாரச் சாப்பிடவும் செய்கிறேன். இரண்டு படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மற்றவர்கள் போர்த்திக்கொள்ளும் நேரத்தில் எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. பரிசோதித்துவிட்டுத் தைராய்டு அதிகம் என்கிறார்கள். கழுத்தில் இருக்கும் ஒரு சிறிய சுரப்பி இத்தனையையும் செய்யுமா, டாக்டர்?

பதில்: செய்யும். தைராய்டு சுரப்பியின் எடை ஏறக்குறைய 15 முதல் 25 கிராம்தான். ஆனால் அது இரத்தத்தில் கலக்கும் டி4, டி3 என்னும் இரண்டு ஹார்மோன்களும் உடலின் ஏறத்தாழ எல்லாத் திசுக்களையும் சென்றடைகின்றன. டி4 பெரும்பாலும் இருப்பு வடிவம். திசுக்களில் அதிலிருந்து ஓர் அயோடின் அணு நீக்கப்பட்டு டி3 ஆக மாறும்போதுதான் முழு வேகத்தில் வேலை செய்கிறது. செல்லுக்குள் நுழையும் டி3, எந்த மரபணு எவ்வளவு இயங்க வேண்டும் என்பதை மாற்றியமைக்கிறது. அதன் விளைவாகச் செல்கள் அதிக ஆக்சிஜனை எரிக்கின்றன, அதிக வெப்பத்தை வெளியிடுகின்றன. நீங்கள் ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் உடல் வேலை செய்துகொண்டிருப்பதைப் போலவே செலவழிக்கிறது. சாப்பிடுவது அந்தச் செலவுக்கு ஈடுகொடுக்கவில்லை. அதனால்தான் பசி கூடியும் எடை குறைகிறது. சிலருக்குப் பசி செலவையும் மிஞ்சிவிடுவதால் எடை கூடுவதும் உண்டு. ஆகவே எடை குறையவில்லை என்ற ஒரே காரணத்தால் இந்நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இதயத்தின் மீது இந்த ஹார்மோனின் பிடி இரு வகையானது. இதயத் தசையை நேரடியாகத் தூண்டி வேகமாகவும் வலுவாகவும் துடிக்கச் செய்கிறது. அதே நேரத்தில் அட்ரினலின் போன்ற பொருள்களின் விளைவுகளையும் கூர்மையாக்குகிறது. கைநடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை, காரணமற்ற பதற்றம் ஆகியவற்றுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. மனப்பதற்றத்தையும் தைராய்டு மிகையையும் பிரித்தறிய மருத்துவர்கள் பார்க்கும் ஒரு குறிப்பு, உறக்கத்தில் நாடி. கவலையால் படபடப்பவருக்குத் தூங்கியபின் நாடி அடங்கிவிடும். தைராய்டு மிகையில் தூக்கத்திலும் நாடி ஓடிக்கொண்டிருக்கும். கவலையால் வியர்ப்பவரின் உள்ளங்கை பெரும்பாலும் குளிர்ந்திருக்கும். தைராய்டு மிகை உள்ளவர்களின் உள்ளங்கை வெதுவெதுப்பாக ஈரமாக இருக்கும்.

குடல் வேகமாக இயங்குவதால் ஒரு நாளில் பலமுறை மலம் கழிக்க நேரலாம். மாதவிடாய் குறைவாகவோ நீண்ட இடைவெளி விட்டோ வரலாம். முடி மெலிந்து உதிரும். தோள், தொடைத் தசைகள் கரைவதால், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது கடினமாகும். நான் எழச் சொல்லும்போது இரண்டு கைகளும் தாமாகவே கைப்பிடியைத் தேடிப் போவதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கைகளை முன்னே நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி, அவற்றின் மீது ஒரு தாளை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நடுக்கமும் தாளின் விளிம்பில் சிறகடிப்பதாகத் தெரியும்.

இரத்தச் சோதனையிலும் இந்த வேகம் பதிவாகும். கொலஸ்ட்ரால் இறங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் போகலாம். மருந்து எதையும் மாற்றாதிருக்கும்போதே கொலஸ்ட்ரால் திடீரென்று மிக நன்றாக வந்தால் மகிழ்ச்சியடைவதோடு நிறுத்திக்கொள்ளாமல் தைராய்டையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கேள்வி: என் அறிக்கையில் டி.எஸ்.ஹெச். 0.01 என்று குறைவாக இருக்கிறது. குறைவாக இருப்பதைக் கூட்டத்தானே மருந்து தர வேண்டும்? ஆனால் தைராய்டு அதிகம் என்று அடக்கும் மருந்து எழுதியிருக்கிறார்கள்.

பதில்: இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது. டி.எஸ்.ஹெச். தைராய்டு சுரக்கும் பொருள் அன்று; மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து ‘சுர’ என்று இடும் ஆணை. இரத்தத்தில் டி4, டி3 போதிய அளவில் இருந்தால் பிட்யூட்டரி ஆணையைக் குறைத்துக்கொள்ளும். மிதமிஞ்சியிருந்தால் அறவே நிறுத்திவிடும். பெரும்பாலான ஆய்வகங்களில் டி.எஸ்.ஹெச். இயல்பளவு 0.4 முதல் 4 வரை. 0.01 என்றால், ஆணையே வராதபோதும் ஹார்மோன் நிறைந்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. கட்டற்ற (அறிக்கையில் ‘ஃப்ரீ’ என்று வரும்) டி4, டி3 இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டி4 இயல்பாக இருந்து டி3 மட்டும் உயர்ந்திருக்கும் நோயாளிகள் உண்டு. டி4-ஐ மட்டும் பார்த்தால் அவர்கள் தப்பிவிடுவார்கள். இரண்டும் இயல்பாக இருந்து டி.எஸ்.ஹெச். மட்டும் சற்றுத் தாழ்ந்திருந்தால், சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிப்பதே முறை. வேறொரு கடும் நோயிலும், ஸ்டீராய்டு மருந்தாலும், கர்ப்பத்தின் தொடக்கத்திலும் டி.எஸ்.ஹெச். தற்காலிகமாகத் தாழ்வதுண்டு.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். முடி வளரவும் நகம் உறுதிப்படவும் பலர் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவற்றில் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் என்று பெரிய அளவு இருப்பதுண்டு. பல ஆய்வகக் கருவிகளின் வேதிமுறையில் பயோட்டினே ஓர் உறுப்பு என்பதால், இரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் கணக்கைக் குலைத்து, டி.எஸ்.ஹெச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டிவிடும். நோயே இல்லாதவருக்கு நோய் இருப்பதாகத் தாள் சொல்லும். சோதனைக்கு இரண்டு நாட்களுக்கு முன்பாவது அதை நிறுத்துங்கள். மிகப் பெரிய அளவில் சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்டு இன்னும் முன்னதாக நிறுத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்கும் என் தங்கைக்கும் ஒரே ஆண்டில் தைராய்டு மிகை என்று வந்தது. எனக்குக் கார்பிமசோல் கொடுத்தார்கள். குழந்தை பெற்று மூன்று மாதமான தங்கைக்கோ, படபடப்புக்கு மட்டும் ஒரு மாத்திரை கொடுத்து, காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரே நோய்க்கு இரண்டு நீதியா? அவளுக்கும் என் மாத்திரையையே கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். உங்கள் இருவருக்கும் இருப்பது ஒரே நோய் அன்று. இந்தப் பக்கத்தில் நான் வலியுறுத்த விரும்புவதும் இதையேதான்: தைராய்டு மிகை என்பது ஒரு நிலை, அதற்குப் பின்னால் இருக்கும் நோய் எது என்று தெரியாமல் மருந்து எழுதுவது அரைகுறை வைத்தியம்.

மிகப் பரவலான காரணம் கிரேவ்ஸ் நோய். அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இலும், ஜெர்மானிய மருத்துவர் கார்ல் ஃபான் பாசெடோ 1840-இலும் இதைத் தனித்தனியே விவரித்தார்கள். ஐரோப்பாவின் சில பகுதிகளில் இன்றும் இதற்குப் பாசெடோ நோய் என்றே பெயர். இதில் நோயெதிர்ப்பு மண்டலம் பிறழ்ந்து, டி.எஸ்.ஹெச். அமரும் ஏற்பியின் மீதே ஆன்டிபாடிகளை உண்டாக்குகிறது. பொதுவாக ஆன்டிபாடி என்றால் அழிக்கும். இது விந்தையாகத் தூண்டுகிறது. பிட்யூட்டரி ஆணையை நிறுத்திய பிறகும் இந்தப் போலி ஆணை ஓயாமல் வந்துகொண்டிருப்பதால் சுரப்பி முழுவதும் பருத்து, இரவும் பகலும் சுரக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பலமடங்கு அதிகம். குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு.

இரண்டாவது காரணம், சுரப்பியில் தோன்றும் கட்டிகள். ஒரே கட்டியாகவோ பல கட்டிகளாகவோ இருந்து, கட்டளைக்குக் காத்திராமல் தாமே சுரக்கும். வயது ஏற ஏற இது கூடும். இது பெரும்பாலும் தானாக அடங்காது. மாத்திரை நிறுத்தினால் திரும்பிவிடும் என்பதால் கதிரியக்க அயோடின் அல்லது அறுவை சிகிச்சையே நிலையான வழி.

மூன்றாவது, தைராய்டு அழற்சி. உங்கள் தங்கைக்கு இருப்பது, பேறுகாலத்திற்குப் பின் ஓராண்டுக்குள் வரும் அழற்சியாகவே தோன்றுகிறது. முதல் இரண்டிலும் நடப்பது மிகை உற்பத்தி; இதில் நடப்பதோ, கிடங்கின் சுவர் இடிந்து, முன்பே செய்து அடுக்கி வைத்திருந்த சரக்கு வெளியே கொட்டுவது. புதிதாக எதுவும் உற்பத்தியாகவில்லை. உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோலுக்கு இங்கே செய்வதற்கு வேலையே இல்லை. பக்கவிளைவு மட்டுமே மிஞ்சும். இருப்பு தீர்ந்ததும் சில வாரங்களில் மிகை தணியும். அதன்பின் சில மாதங்கள் சுரப்புக் குறைந்துபோகும். பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் சீராகிவிடும். சிலருக்குக் குறைவு நிலைத்துவிடலாம் என்பதால் தொடர்ந்து சோதித்துவர வேண்டும். அந்தக் குறைவுக் காலத்தின் களைப்பையும் மனச்சோர்வையும் ‘பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று தள்ளிவிடுவது அநியாயம்.

வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் அழற்சியில் கழுத்தைத் தொடவே முடியாத வலி இருக்கும். வலி காதுவரை ஏறும். வலிநிவாரணியும், தேவைப்பட்டால் ஸ்டீராய்டும் போதும்.

இவற்றைப் பிரித்தறிய டி.எஸ்.ஹெச். ஏற்பி ஆன்டிபாடிச் சோதனை உதவும். அதில் ஐயம் இருந்தால் ஸ்கேன். சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்திச் சுரப்பி எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள்: கிரேவ்ஸ் நோயில் சுரப்பி முழுவதும் ஒளிரும், கட்டியில் கட்டி மட்டும் ஒளிரும், அழற்சியில் படமே ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்வதில்லை. பாலூட்டும் தாய்க்கும் கூடியவரை தவிர்ப்பார்கள். அங்கெல்லாம் ஆன்டிபாடிச் சோதனையும் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்டும் கைகொடுக்கும்.

இவை தவிர, சுரப்புக் குறைவுக்குத் தரும் தைராக்சின் மாத்திரையைத் தேவைக்கு மேல் உட்கொள்வது, இதயத் துடிப்புக்காகத் தரப்படும் அமியோடரோன், சி.டி. ஸ்கேனுக்குச் செலுத்தும் அயோடின் சாயம் ஆகியவையும் காரணமாகலாம். ஆகவே நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எடைக் குறைப்புக்கென்று யாரோ கொடுத்த பெயரில்லாத மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. படபடப்போ நடுக்கமோ கிடையாது. எப்போதும் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார், யாரோடும் பேசுவதில்லை, மெலிந்துகொண்டே போகிறார். புற்றுநோயோ என்று பயந்து எல்லாச் சோதனைகளும் செய்தோம். கடைசியில் இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருப்பதாகவும் தைராய்டு மிகையே காரணம் என்றும் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பலாம். முதியவர்களிடம் இந்நோய் தன் வழக்கமான அடையாளங்களைக் காட்டாமல், மந்தமாக, மனச்சோர்வைப்போல வருவது மருத்துவம் நன்கறிந்த ஒன்று. பசியும் கூடாது, குறையவே செய்யும். எடைக்குறைவும் ஒழுங்கற்ற துடிப்பும் மட்டுமே வெளியே தெரியும்.

அந்தத் துடிப்புக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே துடிதுடிக்கும். அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமில் 60 வயதைக் கடந்தவர்களைப் பத்தாண்டுகள் கண்காணித்து 1994-இல் வெளியான ஆய்வில், டி.எஸ்.ஹெச். 0.1-உம் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்கு இந்தத் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. டி4, டி3 இயல்பாக இருந்து டி.எஸ்.ஹெச். மட்டும் 0.1-க்குக் கீழ் தங்கிவிட்ட முதியவர்களுக்கும் சிகிச்சை பரிந்துரைப்பது இதனால்தான். உங்கள் தந்தைக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தேவையா என்பதை இதயநோய் மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு கட்டுக்குள் வந்தபின் பலருக்குத் துடிப்பும் தானாகவே ஒழுங்குக்குத் திரும்புகிறது.

எலும்பையும் மறக்க வேண்டாம். இந்த ஹார்மோன் மிகுந்தால் எலும்பு உருவாகும் வேகத்தைவிடக் கரையும் வேகம் கூடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் முதியவர்களுக்கும், சிறிய தடுமாற்றமே இடுப்பெலும்பு முறிவில் முடியலாம். எலும்பு அடர்த்திச் சோதனை ஒருமுறை செய்துகொள்வது தகும்.

கேள்வி: கிரேவ்ஸ் நோய்க்கு மூன்று வாரமாகக் கார்பிமசோல் சாப்பிடுகிறேன். பெரிய மாற்றம் தெரியவில்லை. மருந்தை மாற்ற வேண்டுமா? எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்? பக்கவிளைவுகள் பயங்கரமானவை என்று கேள்விப்பட்டேன், அது உண்மையா?

பதில்: மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்குள் முடிவெடுக்க வேண்டாம். கார்பிமசோல் புதிய ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கிறது. சுரப்பியில் ஏற்கெனவே பல வாரங்களுக்குப் போதுமானதாகச் சேர்ந்திருக்கும் இருப்பை அது தொடுவதில்லை. இரத்தத்தில் இருக்கும் டி4 பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகிறது. ஆகவே நல்ல மாற்றம் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை படபடப்பையும் நடுக்கத்தையும் புரோபிரனலால் போன்ற மருந்து அடக்கிவைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டி4, டி3 சீரான பிறகும் டி.எஸ்.ஹெச். பல மாதங்கள் தாழ்ந்தே இருக்கலாம். நீண்டகாலம் அடங்கிக் கிடந்த பிட்யூட்டரி விழித்துக்கொள்ள அவ்வளவு காலம் ஆகும். அந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டினால் நீங்கள் எதிர்ப்பக்கம் போய் விழுவீர்கள்.

வழக்கமான காலம் 12 முதல் 18 மாதங்கள். நிறுத்தும் முன் ஆன்டிபாடியை மீண்டும் அளப்பது நல்லது. அது இன்னும் உயர்ந்திருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். மொத்தத்தில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே. திரும்பினால் மீண்டும் மாத்திரையா, நிலையான வேறு தீர்வா என்று பேசி முடிவெடுக்கலாம். குறைந்த அளவில் பல ஆண்டுகள் மாத்திரையைத் தொடர்வதும் ஏற்கத்தக்க வழியே.

பக்கவிளைவுகளில் தோல் அரிப்பும் தடிப்பும் பரவலானவை. பெரும்பாலும் ஒவ்வாமை மாத்திரையோடு சமாளிக்கலாம். அஞ்ச வேண்டிய ஒன்று, 200 முதல் 500 பேரில் ஒருவருக்கு வெள்ளை அணுக்கள் திடீரென்று வற்றிப்போவது. இது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் நேர்கிறது. இன்று எடுத்த சோதனை நன்றாக இருந்து, அடுத்த வாரமே அணுக்கள் வீழ்ந்துவிடக் கூடும். எனவே சோதனையைவிட நோயாளியின் விழிப்பே முக்கியம். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றைக்கே, இரவானாலும் சரி, வெள்ளை அணு எண்ணிக்கையைப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் மருந்தைத் தொடரலாம். ‘சாதாரணத் தொண்டைக்கட்டுதான்’ என்று ஒரு வாரம் பொறுப்பவர்களே ஆபத்தில் சிக்குகிறார்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, உடல் முழுவதும் அரிப்பெடுப்பது ஆகியவை கல்லீரல் பாதிப்பைச் சுட்டலாம். அவற்றுக்கும் இதே அவசரம் பொருந்தும்.

இந்த ஒரு சூழலைத் தவிர, நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம். சரிவரக் கட்டுப்படாத நோயாளிக்குத் தொற்று, அறுவை சிகிச்சை, திடீர் மருந்து நிறுத்தம் ஆகியவற்றால் கடும் காய்ச்சல், பிதற்றல், கட்டுக்கடங்காத நாடி, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஒரே நேரத்தில் பொங்கியெழும் நிலைக்குத் தைராய்டு புயல் என்று பெயர். அரிதானதுதான், ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தும் உயிரிழப்பு நேர்வதுண்டு.

கேள்வி: கண்கள் பிதுங்கியதுபோல் ஆகிவிட்டன, உறுத்தலும் நீர்வடிதலும் இருக்கின்றன. தைராய்டு சரியானால் கண்ணும் சரியாகுமா?

பதில்: இரண்டு வகை மாற்றங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹார்மோன் மிகையால் மேலிமை உயர்ந்து, விழி வெறித்துப் பார்ப்பதுபோல் தெரிவது எந்தக் காரணத்தால் வந்த மிகையிலும் நேரலாம். சுரப்பு சீரானதும் அது தணியும். விழியே முன்தள்ளி வருவது கிரேவ்ஸ் நோய்க்கே உரியது. கண்ணுக்குப் பின்னாலுள்ள தசைகளும் கொழுப்பும் அதே நோயெதிர்ப்புப் பிறழ்ச்சியால் வீங்குகின்றன. இது தைராய்டின் அளவோடு சேர்ந்து நடப்பதில்லை. தைராய்டு சீராக இருக்கும்போதும் கண்நோய் வளரலாம்.

உங்கள் கையிலேயே இருக்கும் மிகப் பெரிய மருந்து, புகைப்பதை நிறுத்துவது. புகைப்பவர்களுக்குக் கண்நோய் வரும் வாய்ப்பும் அதன் கடுமையும் கூடுகின்றன. சிகிச்சைக்கும் சரியாகக் கட்டுப்படுவதில்லை. லேசான நிலையில் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து, தலையைச் சற்று உயர்த்திப் படுத்தல், மருத்துவர் சொன்னால் ஆறு மாதம் செலீனியம் ஆகியவை போதும். கடுமையானால் இரத்தக்குழாய் வழியே ஸ்டீராய்டு தருவார்கள். 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெப்ரோடுமுமாப் என்னும் மருந்து விழியைப் பின்னுக்கு இழுப்பதில் நன்றாக வேலை செய்கிறது. கேட்கும் திறன் பாதிப்பதும் சர்க்கரை ஏறுவதும் அதன் குறைகள். ஒன்று இரண்டாகத் தெரிவது, நிறங்கள் மங்குவது, பார்வை குறைவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் கண் மருத்துவரைத் தாமதமின்றிப் பாருங்கள். வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெருக்கிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: கதிரியக்க அயோடின் குடிக்கச் சொல்கிறார்கள். கதிரியக்கம் என்றாலே பயமாக இருக்கிறது. குழந்தை பிறக்காமல் போய்விடுமா? அறுவை சிகிச்சை செய்துகொண்டுவிடலாமா?

பதில்: பயம் இயல்பானது. 1941-இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் தைராய்டு மிகைக்கு முதன்முதலாக இதைக் கொடுத்ததிலிருந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இச்சிகிச்சை நடைமுறையில் இருக்கிறது. அயோடினைத் தைராய்டு தேடி உறிஞ்சிக்கொள்ளும் என்பதே இதன் அடிப்படை. உள்ளே சென்ற அயோடின்-131 வெளியிடும் பீட்டா கதிர்கள் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பயணிப்பதில்லை. சுரப்பி அழிகிறது, சுற்றியுள்ளவை பெரும்பாலும் தப்புகின்றன. எட்டு நாட்களுக்கு ஒருமுறை கதிரியக்கம் பாதியாகும். சில நாட்கள் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காதிருக்கச் சொல்வார்கள். கருத்தரிக்கும் திறன் நிரந்தரமாகக் கெடுவதில்லை. ஆனால் ஆறு மாதங்களுக்குக் கருத்தரிக்கக் கூடாது, ஆண்களும் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவருக்கும் இச்சிகிச்சை கூடவே கூடாது. கண்நோய் தீவிரமாக இருப்பவருக்கு அதை மோசமாக்கலாம்.

இதன் பிறகு பெரும்பாலோருக்குச் சுரப்புக் குறைந்து, ஆயுள் முழுவதும் தைராக்சின் மாத்திரை தேவைப்படும். கிரேவ்ஸ் நோயில் அதுவே எதிர்பார்க்கப்படும் முடிவு. சிகிச்சை தவறிவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. கட்டுப்படுத்தக் கடினமான ஒரு நோயைக் கொடுத்துவிட்டு, தினம் ஒரு மாத்திரையில் சமாளிக்கக்கூடிய ஒரு குறையை வாங்கிக்கொள்கிறோம். இந்தப் பேரம் பிடிக்காதவர்கள் மாத்திரையைத் தொடரலாம்.

சுரப்பி மிகப் பெரிதாகி மூச்சுக்குழலை அழுத்தினாலோ, புற்றுநோய் ஐயம் இருந்தாலோ, கண்நோய் கடுமையாக இருந்தாலோ அறுவை சிகிச்சை சிறந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோஹர் தைராய்டு ஆய்வுக்காகவும் அறுவைக்காகவும் 1909-இல் நோபல் பரிசு பெற்ற காலத்திலிருந்தே, குரல் நரம்பையும் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளையும் சிதைக்காமல் தைராய்டை எடுப்பதே இதன் சவால். இந்த அறுவையை அடிக்கடி செய்யும் கையிடம் செல்லுங்கள். எத்தனை அறுவைகள் செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி: கார்பிமசோல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். என்ன செய்ய வேண்டும்?

பதில்: கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதே முதல் விடை. கருவின் உறுப்புகள் உருவாகும் தொடக்க வாரங்களில் கார்பிமசோல், அதே வகை மருந்தான மெத்திமசோல் ஆகியவை உச்சந்தலைத் தோல் குறைபாடு உள்ளிட்ட சில பிறவிக் குறைகளை உண்டாக்கலாம். ஆகவே முதல் மூன்று மாதங்களுக்கு, சுரப்பை அடக்கும் வேறொரு மருந்தான புரோப்பில்தையோயூராசில் விரும்பப்படுகிறது. அது கல்லீரலைத் தாக்கும் அபாயம் உள்ளதால் பின்னர் மாற்றுவது பற்றி மருத்துவர் முடிவுசெய்வார். மாதவிடாய் தள்ளிப்போனால் அன்றே சோதித்து, மருத்துவரை அழையுங்கள். பயந்துபோய் மருந்தை நீங்களாக நிறுத்திவிடுவதும் தவறு. கட்டுப்படாத மிகை கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் தாயின் இதயச் செயலிழப்புக்கும் வழிவகுக்கும்.

தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் தைராய்டையும் தூண்டக் கூடும். பல ஆண்டுகளுக்கு முன்பே சுரப்பியை அகற்றிவிட்ட தாயிடமும் இந்த ஆன்டிபாடி இருக்கலாம். ஆகவே பழைய நோயை மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் குறைந்த அளவு கார்பிமசோல் பாதுகாப்பானது.

கேள்வி: எனக்கு 34 வயது, ஆண். ஒரு நாள் விடியற்காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை; இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. மருத்துவமனையில் பொட்டாசியம் குறைவு என்று ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். தைராய்டும் அதிகம் என்றார்கள். தொடர்புண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. தைராய்டு மிகையால் வரும் இவ்வகைத் தற்காலிக வாதம் பெரும்பாலும் ஆசிய ஆண்களிடமே காணப்படுகிறது. பொட்டாசியம் உடலைவிட்டுப் போய்விடுவதில்லை. இரத்தத்திலிருந்து தசைச் செல்களுக்குள் ஒதுங்கிவிடுகிறது. மாவுச்சத்து மிகுந்த கனத்த உணவுக்குப் பிறகோ, கடும் உழைப்புக்குப் பின் ஓய்ந்து படுக்கும்போதோ இது நேர்கிறது. தைராய்டு சீரானால் இந்தத் தாக்குதல்கள் நின்றுவிடும். அதுவரை அத்தகைய உணவையும் மிகை உழைப்பையும் தவிருங்கள். பொட்டாசியத்தை நீங்களாகத் தொடர்ந்து சாப்பிடாதீர்கள். செல்லுக்குள் ஒதுங்கியது வெளியே திரும்பும்போது இரண்டும் சேர்ந்து இதயத்தைப் பாதிக்கும்.

கேள்வி: அயோடின் கலந்த உப்பை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவையான 150 மைக்ரோகிராம் அளவில் அயோடின் நோயை வளர்க்காது. கடற்பாசி மாத்திரை, ‘தைராய்டு ஊக்கி’ என்று விற்கும் துணைச்சத்துகள் ஆகியவற்றையே விலக்க வேண்டும். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன்பு மட்டும் சிறிது காலம் அயோடினைக் குறைக்கச் சொல்லலாம்.

கேள்வி: சிகிச்சை தொடங்கி ஆறு மாதத்தில் 9 கிலோ கூடிவிட்டேன். மருந்தை நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள், மருந்தின் அளவு மிகுந்து சுரப்புக் குறைந்துபோயிருந்தால் அளவைக் குறைத்தாலே பாதி பிரச்சினை தீரும். அளவு சரியாக இருந்தால், கூடியதில் ஒரு பகுதி நோயால் இழந்த தசையும் எடையும் திரும்பி வந்தது. மீதி, நோய்க்காலத்துப் பசியின் பழக்கம். உடலின் செலவு இயல்புக்கு வந்துவிட்டது. வாய் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறது. நாடி சீரான பிறகு மெல்ல நடைப்பயிற்சியும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தொடங்குங்கள், தட்டில் எடுக்கும் அளவைக் குறையுங்கள். எடைக்காக மருந்தை நிறுத்தினால் எடை குறையக்கூடும். அதோடு சேர்ந்து தசையும் எலும்பும் கரையும், படபடப்பும் திரும்பிவரும்.